மணி எங்கே அடிக்கிறது?



இன்று நம் வீடுகளில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. மகளிடமோ மருமகனிடமோ பேச நினைத்தால் அடுத்த நொடியே பேசிவிடுகிறோம். ஆனால் ஒரு மருத்துவமனைக்கோ, தொழில் அலுவலகத்துக்கோ, பிள்ளை வேலை செய்யும் தொழிற்சாலைக்கோ பேச வேண்டி வரும்போது நிலைமை வேறு. சில நேரம் "டொக் டொக்" என்று எங்கேஜ் தொனி கேட்கிறது. சில நேரம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. நமக்குக் கோபம் வருகிறது. "ஆபீசில் ஆட்கள் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்" என்று முணுமுணுக்கிறோம்.

அந்த நேரத்தில் மறுமுனையில் உண்மையில் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம். இதனால் இரண்டு பயன் உண்டு. அழைக்கும் நாம் பதறாமல் சரியானதைச் செய்வோம். இன்னொன்று, நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் படிப்பை முடித்துவிட்டுத் தைப்பிங்கிலும் கமுந்திங்கிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் அலுவலகங்களில் அமர்ந்து, வரும் அழைப்புகளை ஏற்கும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

முதலில் ஒரு சம்பவம். எங்களுக்குப் பத்து வயது இருக்கும். அப்போது எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு தொலைபேசிதான். அது ஆபீசில் பெரிய கிராணியின் மேசைமேல் இருக்கும். ஒரு மழை இரவு, லயத்தில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. மாதம் நிறையவில்லை. மருந்தகத்து டிரஸர் வந்து பார்த்துவிட்டு, "இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே வண்டி வரவழைக்க வேண்டும்" என்றார். கிராணி ஆபீசைத் திறந்து, வண்டி அனுப்ப வேண்டிய இடத்துக்குத் தொலைபேசி செய்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி முயன்றார். மறுபடியும் அதே மணி. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் தோட்டத்து லாரியில் மெத்தையைப் போட்டு, தார்ப்பாயை விரித்துக் கட்டி அழைத்துப் போனார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. தெய்வாதீனமாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிழைத்தாலும் மனக்குறை போகவில்லை. "தோட்டத்துக்காரன் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள்" என்ற பேச்சு எங்கள் லயத்தில் பல ஆண்டுகள் இருந்தது. அதன்பிறகு அவசரம் என்றாலும் தொலைபேசி செய்வதையே சிலர் விட்டுவிட்டார்கள். லாரியைத் தேடி ஓடினார்கள். ஒரு தொலைபேசி மணி மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எவ்வளவு பெரிய சுவரை எழுப்பிவிட்டது பாருங்கள்.

வெகுகாலம் கழித்து, அதே அலுவலகத்தில் சுவிட்ச்போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்காவை ஒரு திருமண வீட்டில் சந்தித்தோம். பேச்சோடு பேச்சாக அந்த இரவைப் பற்றிக் கேட்டோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மழைக்காலத்தில் எங்கள் முதல் லைன் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அந்த இரண்டு இரவும் போன் தொந்தரவே இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்."

நேயர்களே, இது எப்படி முடியும்? கிராணியின் காதில் மணி அடித்ததே! அங்கேதான் இன்றைய பாடம் தொடங்குகிறது.

நாம் ஓர் எண்ணை அழைக்கும்போது நம் காதில் கேட்கும் மணியோசை, மறுமுனையில் உள்ள தொலைபேசியின் ஓசை அல்ல. அது தொலைபேசி நிலையம் நமக்காக உண்டாக்கி அனுப்பும் தொனி. "நான் அந்த லைனுக்கு மணி அனுப்புகிறேன்" என்று நிலையம் நமக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். மறுமுனையில் மணி அடித்ததா என்பதற்கு அது சாட்சி அல்ல. நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே செப்புக் கம்பி அறுந்து போயிருந்தால், நிலையம் மணியை அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் காதிலும் தொனி கேட்டுக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் மட்டும் ஈ காக்கை சத்தம் இருக்காது.

கம்பி அறுபடாமல், ஈரத்தால் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் விளைவு வேறு. அப்போது நிலையம், "அங்கே யாரோ ரிசீவரை எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்ளும். அழைப்பவருக்கு எங்கேஜ் தொனி கொடுக்கும். ஆக, அறுந்தால் ஓயாத மணி. ஒட்டினால் ஓயாத எங்கேஜ். இரண்டிலும் மறுமுனையில் இருப்பவர் மீது குற்றமில்லை. ஆனால் தம் லைன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளாத குற்றம் உண்டு.

இந்த இடத்தில் நம் தைப்பிங் நகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தகவல் தொடர்பின் கதையே இந்த வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. 1876ஆம் ஆண்டு, கோலகங்சாரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லத்துக்கும் தைப்பிங்கில் இருந்த துணை ரெசிடெண்டின் இல்லத்துக்கும் இடையே தந்திக் கம்பி போடப்பட்டது. மலாயாவின் முதல் தந்தித் தடம் அதுதான். அதே 1876ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் பாதையும் திறக்கப்பட்டது. போர்ட் வெல்டை இன்று கோலா செப்பெத்தாங் என்கிறோம். ஈயம் தோண்டிய ஊருக்கு ஈயத்தை ஏற்றிச் செல்லத் தண்டவாளமும் வேண்டியிருந்தது, செய்தியைக் கொண்டு செல்லக் கம்பியும் வேண்டியிருந்தது.

அன்று தொலைபேசி நிலையம் என்றால் ஒரு பெரிய பலகை, அதன்முன் ஆப்பரேட்டர்கள். பலகையில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு துளை. நீங்கள் ரிசீவரை எடுத்தால் ஆப்பரேட்டர் உங்களைக் கேட்டு, கையிலிருக்கும் கம்பியை உரிய துளையில் செருகி இணைப்பார். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். சவ அடக்கம் செய்து கொடுப்பது அவருடைய தொழில். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆப்பரேட்டர் வேறொரு கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் கோபத்தில்தான் ஆளில்லாமல் தானே இணைக்கும் கருவியை அவர் யோசித்தார் என்று சொல்வார்கள். 1891ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எண்களைச் சுழற்றி நாமே அழைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

ஆனாலும் வெளியூருக்குப் பேச நெடுங்காலம் ஆப்பரேட்டர் துணை வேண்டியிருந்தது. அதைத்தான் நம் பெரியவர்கள் "டிரங்க் கால்" என்றார்கள். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொடர்பு கிடைத்ததும் மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு. டிரங்க் கால் வந்தது என்றாலே, "யாருக்கு என்ன ஆயிற்றோ" என்று வயிறு கலங்கும். 1962ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆப்பரேட்டர் இல்லாமல் நேரே சுழற்றிப் பேசும் வசதி வந்தது. பிறகு அது நாடெங்கும் பரவியது. பேராக் மாநிலத்துக்கு 05, பினாங்குக்கும் கெடாவுக்கும் 04, கோலாலம்பூர் வட்டாரத்துக்கு 03 என்று நாம் முன்னால் சேர்க்கும் எண்கள் அந்த முறையைச் சேர்ந்தவை.

டிரங்க் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டி நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் அடிமரம். தொலைபேசியில் அது பொருத்தமான பெயர். பால்மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கிளைகள் எத்தனையோ. ஆனால் அத்தனை கிளைகளுக்கும் வேரிலிருந்து நீர் ஏறுவது ஓர் அடிமரத்தின் வழியாகத்தான். அலுவலகத் தொலைபேசியும் அப்படியே. ஓர் அலுவலகத்தில் 24 மேசைகளில் 24 தொலைபேசிகள் இருக்கலாம். அவை கிளைகள்; எக்ஸ்டென்ஷன் என்பார்கள். வெளியுலகத்தோடு பேச இருப்பவை நான்கு லைன்கள் மட்டுமே. அவை அடிமரம்; அவையே டிரங்க். நடுவில் இருந்து இரண்டையும் இணைக்கும் கருவிதான் அலுவலகத் தொலைபேசி இயந்திரம். முன்பு ஆள் இயக்கும் பலகையாக இருந்தது, பிறகு தானியங்கியாயிற்று.

24 பேருக்கு நான்கு லைன் போதுமா என்று கேட்பீர்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1909ஆம் ஆண்டில் இத்தகைய கணக்குகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1917இல் அதற்கான சூத்திரத்தையும் வெளியிட்டார். அதை நம் லயத்துத் தண்ணீர்க் குழாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு மணி நேரத்தில் 12 பேர் குடத்தோடு வருகிறார்கள். ஒரு குடம் நிரம்ப 5 நிமிடம். பன்னிரண்டு ஐந்து அறுபது. கணக்குப்படி ஒரே குழாய் போதும். ஆனால் ஆட்கள் வரிசை போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருவராகவா வருகிறார்கள்? ஒரே நேரத்தில் நால்வர் வருவார்கள். பிறகு கால்மணி நேரம் ஒருவரும் வரமாட்டார். குழாயடியிலாவது காத்து நிற்கலாம். தொலைபேசியில் லைன் கிடைக்காவிட்டால் எங்கேஜ் தொனிதான். திரும்பிப் போக வேண்டியதுதான். ஏர்லாங்கின் சூத்திரத்தில் இந்தக் கணக்கைப் போட்டால், ஒரு மணி நேரத்தில் 5 நிமிடப் பேச்சுகள் 12 வரும் அலுவலகத்தில் ஒரே லைன் இருந்தால் 100 அழைப்பில் 50 திரும்பிப் போகும். இரண்டு லைன் இருந்தால் 20. மூன்று இருந்தால் சுமார் 6. நான்கு இருந்தால் ஒன்றோ இரண்டோ.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். நான்கு லைன் வைத்திருக்கும் அலுவலகத்தில், யாருக்கும் தெரியாமல் இரண்டு லைன் எங்கேஜாகவே நின்றுவிட்டால் என்ன ஆகும்? 100 பேரில் ஒருவரோ இருவரோ ஏமாந்த இடத்தில் 20 பேர் ஏமாறுவார்கள். உள்ளே இருப்பவருக்கு இது தெரியாது. ஏனென்றால் ஏமாந்தவர் ஏமாந்தேன் என்று சொல்வதற்கும் லைன் கிடைக்கவில்லையே! ஆகவேதான் டிரங்குகளின் நிலையை நாமே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? ஆப்பரேட்டரின் மேசையில் இருக்கும் கருவியில் ஒவ்வொரு டிரங்குக்கும் ஒரு சிறு விளக்கு இருக்கும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு விளக்கு இருக்கும். கருவிக்குக் கருவி சிறிது மாறினாலும் பொதுவாக அவற்றின் மொழி இதுதான். விளக்கு எரியவில்லை என்றால் லைன் சும்மா இருக்கிறது. நின்று எரிந்தால் யாரோ பேசுகிறார்கள். வேகமாக மின்னினால் அழைப்பு வந்து காத்திருக்கிறது, உடனே எடுக்க வேண்டும். மெல்ல மின்னினால் ஒருவரை ஹோல்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். இப்போது பல அலுவலகங்களில் விளக்குகளுக்குப் பதிலாகக் கணினித் திரையிலேயே ஒரு பட்டியல் தெரிகிறது. எந்த டிரங்க், என்ன நிலை, எந்த எக்ஸ்டென்ஷனோடு இணைந்திருக்கிறது, எந்த எண், எத்தனை நிமிடமாக என்று ஒவ்வொரு வரியும் சொல்லும்.

இந்தப் பட்டியலில் பழகிய ஆப்பரேட்டரின் கண் முதலில் போவது கடைசிக் கட்டத்துக்கு, அதாவது நேரத்துக்கு. ஓர் அழைப்பு 3 நிமிடம், 10 நிமிடம் என்றால் இயல்பு. 3 மணி நேரம் என்று காட்டினால்? அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. லைன் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

லைன் ஏன் மாட்டிக்கொள்கிறது? வெளியே இருப்பவர் ரிசீவரை வைத்ததும் அந்தச் செய்தியை நிலையம் நம் இயந்திரத்துக்கு ஓர் அடையாளத்தால் அறிவிக்க வேண்டும். சில இடங்களில் அது ஒரு தொனி. சில இடங்களில் ஒரு கணம் மின்சாரம் நின்று வருவது. அந்த அடையாளத்தை நம் இயந்திரம் புரிந்துகொள்ளவில்லை என்றால், ஆள் போன பிறகும் அது அழைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குறிப்பாக, ஹோல்டில் வைக்கப்பட்ட அழைப்பிலும், பதிவுக் குரல் பேசும் அழைப்பிலும் இது நேரும். மனிதர் பேசிக்கொண்டிருந்தால் அவர் வைத்துவிடுவார். இயந்திரத்தோடு இயந்திரம் பேசினால் யார் வைப்பது? அப்படிப்பட்ட அழைப்பைத் திரையிலேயே தேர்ந்தெடுத்து விடுவிக்கலாம். ஆனால் விடுவிக்கும் முன் அந்த எக்ஸ்டென்ஷனைக் கேட்டுவிட வேண்டும். நெடுநேரம் பேசுகிறவரும் உலகத்தில் உண்டு!

ஹோல்டில் இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவது மிகப் பெரிய தவறு. நல்ல இயந்திரங்களில், குறித்த நேரத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு மீண்டும் ஆப்பரேட்டரிடமே மணியடித்துத் திரும்பி வரும்படி அமைக்கலாம். அப்படித் திரும்பி வந்தால் சலிக்கக் கூடாது. "மன்னிக்கவும், அவர் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறீர்களா, எண்ணைக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பதே முறை. சம்பளம் கழித்துக்கொண்டு பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசிய தலைமுறை நாம். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு என்பது நமக்குத் தெரியும்.

இனி அந்த அக்காவின் "செத்த லைன்" கதைக்கு வருவோம். பெரும்பாலான அலுவலகங்கள் ஒரே எண்ணைத்தான் வெளியே அறிவிக்கும். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால், நிலையம் முதல் லைன் சும்மா இருக்கிறதா என்று பார்க்கும். அதில் பேச்சு நடந்தால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது என்று தேடிப் போகும். முதல் லைனின் கம்பி அறுந்து கிடந்தால் என்ன நடக்கும்? நிலையத்தின் கண்ணுக்கு அது சும்மா இருக்கும் லைன். ஆகவே வருகிற அழைப்பையெல்லாம் முதலில் அதற்கே அனுப்பும். அழைப்பவருக்கு மணி கேட்கும், அலுவலகத்தில் அமைதி. மற்ற லைன்களில் வெளியே பேச முடிவதால் உள்ளே இருப்பவருக்குக் கோளாறு இருப்பதே தெரியாது. விளக்கு எரியாமல் இருப்பதைப் பார்த்து, "லைன் சும்மாதான் இருக்கிறது" என்று நினைப்பார்கள். எரியாத விளக்குக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. லைன் ஓய்வாக இருக்கிறது என்பது ஒன்று. லைனில் உயிரே இல்லை என்பது மற்றொன்று. அதைப் பிரித்தறியச் சோதனை ஒன்றே வழி.

அந்தச் சோதனை எளியது. பத்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு நாளும் காலையில் வேலை தொடங்கும்முன், முதலாவதாக, ஒவ்வொரு டிரங்கையும் தனித்தனியே எடுத்து டயல் தொனி வருகிறதா என்று கேட்க வேண்டும். கரகரப்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, கைத்தொலைபேசியிலிருந்து ஒவ்வொரு லைனின் எண்ணையும் அழைத்து, எந்த விளக்கு மின்னுகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே போகும் வழி நன்றாக இருந்தால் உள்ளே வரும் வழியும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாக, யாரும் வேலைக்கு வராத வேளையிலும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். நான்காவதாக, கண்டதையெல்லாம் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கோளாறு என்றால் தொலைபேசி நிறுவனத்துக்கு உடனே புகார் செய்து, புகார் எண்ணையும் அதில் பதிய வேண்டும். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் வந்தாரா என்று மண்டோர் பார்ப்பதில்லையா? இது டிரங்குகளுக்குப் பிரட்டு.

தைப்பிங் வட்டாரத்தில் இந்தப் பிரட்டு மிக மிக அவசியம். தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் ஊர் என்று பெயர் பெற்றது நம் ஊர். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. செப்புக் கம்பிகள் சேரும் பெட்டிகளிலும் நிலத்தடி இணைப்புகளிலும் ஈரம் புகுந்தால் கரகரப்பும் எங்கேஜும் வரும். இடி மின்னல் தாக்கினால் டிரங்க் இணையும் அட்டையே கருகிப் போகும். ஆகவே பெருமழை பெய்த மறுநாள் சோதனையைத் தவறவிடக் கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கண்காணிப்பு வேண்டும். ஆள் இல்லாத இரவு நேரத்தில், சுலபமான இரகசிய எண்ணைக் கண்டுபிடித்து, அலுவலக இயந்திரத்துக்குள் வெளியிலிருந்தே நுழைந்து, அதன் டிரங்க் வழியாக வெளிநாட்டுக்கு அழைப்புகள் செய்யும் திருடர்கள் இருக்கிறார்கள். பில் வரும்போதுதான் முதலாளிக்குத் தெரியும். ஞாயிறு நள்ளிரவில் வெளிநாட்டு எண்ணோடு ஒரு டிரங்க் பேசிக்கொண்டிருந்ததாகப் பதிவு காட்டினால், அது சாதாரணம் அல்ல. 1234 போன்ற இரகசிய எண்களை மாற்றுவதும், தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களில் வெளிநாட்டு அழைப்பைப் பூட்டி வைப்பதும் நல்லது. இல்லாவிட்டால் கடைசியில் பழி விழுவது ஆப்பரேட்டர் நாற்காலியில் இருக்கும் நம் பிள்ளை மீதுதான். நோட்டுப் புத்தகம் இருந்தால் அதுவே அவருக்குச் சாட்சி.

காலம் மாறிவிட்டது. அரசாங்கத் தொலைத்தொடர்பு இலாகா 1987ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவனமாக மாறியது. செப்புக் கம்பியின் இடத்தில் இப்போது ஒளியிழை வந்திருக்கிறது. பல அலுவலகங்களில் டிரங்க் என்பது கண்ணால் காணும் கம்பியே அல்ல. இணையத்தின் வழியாக ஓடும் தடம். அங்கேயும் நிலை பார்க்கும் வேலை ஒழியவில்லை. "பதிவாகி இருக்கிறது" என்று திரை காட்டினால் டிரங்க் உயிரோடு இருக்கிறது. "எட்டவில்லை" என்று காட்டினால் இணையம் அறுந்திருக்கலாம். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்தின் மின்கலத்திலிருந்தே வந்தது. ஊரில் கரண்டு போனாலும் அது பேசும். இணையத் தொலைபேசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அலுவலகத்தில் தனி மின்கலம் இல்லாவிட்டால் இடி மழையில் கரண்டு போகும் அதே நேரத்தில் தொலைபேசியும் ஊமையாகிவிடும். அவசர உதவி தரும் எந்த இடமும் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஆப்பரேட்டராக அமரும் நம் பெண்களுக்கும் பையன்களுக்கும் ஒரு வேண்டுகோள். யார் யாரோடு எத்தனை நேரம் பேசுகிறார் என்பது உங்கள் விளக்குகளுக்குத் தெரியும். அது உங்களை நம்பிக் கொடுக்கப்பட்ட செய்தி. "மேனேஜர் இன்று யாரோடு ஒரு மணி நேரம் பேசினார் தெரியுமா?" என்று சாப்பாட்டு அறையில் சொல்லக் கூடாது. லைன் நலமா என்று பார்ப்பது கடமை. பேச்சை ஒட்டுக் கேட்பது குற்றம்.

அழைக்கும் நமக்கும் சில கடமைகள் உண்டு. மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் உடனே ஏசாதீர்கள். வைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து அழையுங்கள். அந்த அலுவலகத்துக்கு வேறொரு எண் இருந்தால் அதிலும் முயலுங்கள். தொடர்பு கிடைத்ததும், "உங்கள் முதல் எண்ணில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை; சற்றுச் சோதித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, உங்களுக்குப் பின்னால் அழைக்கும் இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். பேசும்போது முதலில் உங்கள் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்ப அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். தொடர்பு அறுந்தாலும் அவர்கள் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஓர் அலுவலகத்தின் எண்ணை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் பொதுவாக 999 இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த எண்ணையும், தோட்டத்துக்கு வரும் வழியைத் தெளிவாகச் சொல்லும் விதத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். எங்கள் பள்ளியில் இதை ஒரு வாய்மொழிப் பயிற்சியாகவே செய்கிறோம். "முச்சந்தியில் கோயில், அங்கிருந்து இடப்பக்கம், இரண்டாவது லயம்" என்று சொல்லப் பழகிய பிள்ளை இருட்டிலும் வழி காட்டும்.

அந்தத் திருமண வீட்டில் அக்கா கடைசியாகச் சொன்னதைச் சொல்லி முடிக்கிறோம். லாரியில் பிறந்த பிள்ளை வளர்ந்து, அன்று அதே பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தது. "இவள்தான் அந்தப் பிள்ளை" என்று அடையாளம் காட்டினோம். அக்கா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். "அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை, தினம் காலையில் எல்லா லைனையும் வெளியிலிருந்து அடித்துப் பார்க்காமல் காப்பி குடித்ததில்லை, அம்மா" என்றார். பந்தலில் இருந்த எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எடுக்க மாட்டார்கள்" என்ற பழைய பேச்சை அதற்குப் பிறகு அவர்கள் வாயில் நாங்கள் கேட்கவில்லை.

மணி நம் காதில் அடித்தால் மட்டும் போதாது, நேயர்களே. கேட்க வேண்டியவர் காதிலும் அடிக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நம் வீட்டுப் பிள்ளை இருக்கட்டும். அவர் அந்த வேலையை அறிந்து செய்யட்டும்.